சைக்கிளில் தனியாகப் போகும்போது சோறு போட்டவர்களுக்கு என்ன திருப்பிச் செய்வது?

2024 ஜூன் 2, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

போன குளிர்காலத்தில் கன்னியாகுமரியிலிருந்து நாக்பூர் வரை தனியாக மிதித்தேன். வழி முழுக்க யாராவது ஒருவர் டீ, சாப்பாடு, படுக்க இடம் என்று கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். காசை நீட்டினால் கோபித்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியதிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரியே இருக்கிறது. "நீ வேறு யாருக்காவது செய்துவிடு, கணக்கு நேராகிவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு (என் பதில்)

எனக்குச் சரியாகப் படவில்லை. அடிலாபாத் பக்கம் உங்களுக்கு ரொட்டி தட்டிப் போட்ட அம்மாவுக்கு, நீங்கள் நாகர்கோவிலில் யாரோ ஒரு பையனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்ததால் என்ன வந்தது? உங்கள் மனசு லேசாகும். அந்த அம்மாவின் டப்பாவில் மாவு குறைந்தது குறைந்ததுதான்.

நான் இருப்பது கிருஷ்ணகிரியில். காஷ்மீர் – கன்னியாகுமரி போகிற சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். அதனால் சோறு போட்ட அனுபவம் உண்டு. அதே சாலையில் வடக்கே ஜான்சி வரை தனியாக மிதித்து, சோறு வாங்கிச் சாப்பிட்ட அனுபவமும் உண்டு. ஆகவே நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 3

"அப்படியானால் ஒவ்வொருவரையும் தேடிப்போய்த் திருப்பிக் கொடுக்கவேண்டுமா? நடக்கிற காரியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் முடியாதுதான். ஆனால் முதலில் உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். ஆண்கள் எழுதுகிற சைக்கிள் பயணக் கதைகளில் இந்த இடம் எப்போதும் இடறுகிறது. டீக்கடையில் சந்தித்த ஒரு நல்ல மனிதர் வீட்டுக்கு அழைத்தார், சூடான சாப்பாடு வந்தது, நிம்மதியாகத் தூங்கினேன், காலையில் கட்டிப்பிடித்து விடைபெற்றேன். சாப்பாடு எங்கிருந்து வந்தது? தானாக நடந்து வந்ததா?

நான் பெண் என்பதால் என்னை யாரும் திண்ணையில் உட்கார வைப்பதில்லை. நேராக உள்ளே கூட்டிப்போய் அடுப்பங்கரையில் விட்டுவிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்தால்தான் விருந்தோம்பலின் செலவுக் கணக்கு கண்ணில் படும்.

ஹிங்கண்காட் தெரியும்தானே, நாக்பூருக்கு முன்னால் வரும் ஊர். சுற்றிலும் பருத்திக் காடு. ஜனவரி மாதம், கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சாலையோரம் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், இருட்டப்போகிறது, எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போ என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போனால் அவர் மனைவி பகல் முழுக்கப் பருத்தி எடுத்துவிட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி அடுப்பை மூட்டினார். சோள மாவு பிசைந்து, உள்ளங்கையில் தட்டித் தட்டி பாக்ரி. கத்தரிக்காயைச் சுட்டு மசித்து ஒரு பதார்த்தம். அந்த வீட்டில் கனமான ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) மொத்தம் எத்தனை என்பது படுக்கும்போதுதான் தெரிந்தது. அவருடையதை எனக்குப் போர்த்திவிட்டு, மகள்களின் போர்வைக்குள் அவர் ஒண்டிக்கொண்டார். விதர்பாவின் (மகாராஷ்டிரத்தின் கிழக்குப் பகுதி அது) ஜனவரிக் குளிர் நம் ஊர்க்காரர்கள் நினைப்பதுபோல் இருக்காது.

காலையில் வீட்டுக்காரர் தெருவையே கூட்டி என்னோடு படம் எடுத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாம் அவரைப் பாராட்டினார்கள். அந்த அம்மா உள்ளே எனக்காக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 3, பிற்பகல்

அவர் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். எழுதமாட்டேன். எனக்குத் தெரியும், அது போதும்.

ஜூன் 5

பணம் பற்றி. தலையணைக்கு அடியில் நோட்டு வைத்துவிட்டு வரலாம் என்கிறார் ஒருவர். செய்யாதீர்கள். மருமகள் எடுத்தாளா, பையன் எடுத்தானா என்று அந்த வீட்டில் ஒரு வாரம் விசாரணை நடக்கும்.

நான் செய்து பார்த்தது வேறு. மத்தியப் பிரதேசத்தில், சாகர் மாவட்டத்தில் ஒரு சின்னக் கடை. அக்காள் ஒருவர் போஹாவும் (அவல் உப்புமா) இரண்டு டீயும் கொடுத்துவிட்டு, "அகேலி (தனியாகவா)? இத்தனை தூரமா?" என்று கேட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். பேசிப் பயனில்லை. வாசலில் க்யூஆர் அட்டை தொங்கியது. புத்திசாலித்தனமாகச் சைக்கிளைத் தள்ளுவதுபோல் குனிந்து, ஸ்கேன் செய்து, 100 ரூபாய் அனுப்பினேன். அந்தப் பாழாய்ப்போன பேசும் பெட்டி இருக்கிறதே, அதை மறந்துவிட்டேன். "ஸௌ ருபயே ப்ராப்த் ஹுயே", நூறு ரூபாய் வந்துவிட்டது என்று கடைவீதிக்கே அறிவித்தது. நான் பெடலை அழுத்த, பின்னாலேயே அக்காளின் மகன் மோட்டார் சைக்கிளில் துரத்திப் பிடித்தான். கையில் ஒரு பை கொய்யாப்பழமும் ஒரு கட்டி வெல்லமும். இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஏற்றத்தில் அந்தச் சுமையையும் சேர்த்து மிதித்தேன். ஆக, கடன் கூடித்தான் போனது.

ஜூன் 6

இல்லை, "பணமே கூடாது" என்று நான் சொல்லவில்லை. அது அவருடைய தொழில் என்றால் கொடுத்தே ஆகவேண்டும், சண்டை போட்டாவது. பஞ்சர் ஒட்டுபவர், ஸ்போக் மாற்றுபவர், இளநீர்க்காரர், டிராக்டரில் ஏற்றி இறக்கிவிட்டவர் (டீசல் சும்மா வருகிறதா?). வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் அங்கே பணத்தை எடுக்காதீர்கள். சாகர் கடை இரண்டுக்கும் நடுவில் இருந்தது, அதனால்தான் அந்தக் கூத்து.

பஞ்சர் கடை என்றதும் ஒன்று. நம்மில் பலர் ஓட்டும் சைக்கிள்களில் மெல்லிசான பிரெஸ்டா வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடைகளில் இருப்பது சாதா சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் பொருந்துகிற காற்றுக்குழாய். நம் டியூபில் அது உட்காராது. பித்தளையில் விரல் நுனி அளவுக்கு ஒரு அடாப்டர் விற்கிறது, மேலே திருகிக்கொண்டால் கம்ப்ரசரிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். விலை ஒன்றுமேயில்லை. கர்னூல் தாண்டி ஒரு தாத்தா கடையில் டயர் பக்கவாட்டில் கிழிந்ததற்கு உள்ளே பழைய டியூப் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அருமையான வேலை. கூலி கொடுத்துவிட்டு, என்னிடம் உபரியாக இருந்த அடாப்டரையும் கொடுத்து, எப்படி மாட்டுவது என்று காட்டினேன். அவர் அதை ஒரு ஆணியில் தொங்கவிட்டார். பின்னால் எங்கள் வீட்டில் தங்கிய ஒரு பையன் அந்தக் கடையில் "அடாப்டர் இருக்கிறது" என்று பெருமையாகக் காட்டினார்கள் என்றான். அதே கடையாகத்தான் இருக்கவேண்டும் என்று நம்புகிறேன். வேறு கடையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜூன் 6, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, இதுவும் அடுத்தவருக்குச் செய்வதுதானே" என்று மடக்கியிருக்கிறார் கேள்வி கேட்டவர். ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடாப்டர் தாத்தாவின் கடைக்கு வாடிக்கை கொண்டுவருகிறது. கொடுத்தவர் கைக்கே ஏதோ போய்ச் சேருகிறது. நாகர்கோவில் பரோட்டாவில் அது இல்லை.

ஜூன் 9

பெரும்பாலானவர்கள் வாயைத் திறந்து ஒன்று கேட்கத்தான் செய்கிறார்கள், நமக்குத்தான் அது பெரிய விஷயமாகப் படுவதில்லை. படம் எடுத்தாயே, அனுப்பு என்பார்கள். அல்லது, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. கேட்ட இதை விட்டுவிட்டு, கேட்காத பணத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று ஆராய்ச்சி செய்கிறோம்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரன் போனில் போய் உட்காரும், போன் மாறும்போது போய்விடும். நான் காகிதத்தில் போட்டு அனுப்புகிறேன். ஊர் திரும்பியதும் இங்கே ஸ்டுடியோவில் மொத்தமாகப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, ஸ்பீட் போஸ்ட். முகவரி வாங்கும்போது கிராமம், தபால் நிலையம், தாலுகா, மாவட்டம், பின்கோடு எல்லாவற்றையும் அந்த வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கொண்டே நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். அவர்கள் எழுத்திலேயே எழுதட்டும். அதை அப்படியே நகலெடுத்து உறைமேல் ஒட்டினால் தபால்காரருக்கு வசதி.

இதில் பாட்டிகளைத் தனியாகச் சொல்லவேண்டும். லலித்பூர் பக்கம் ஒரு வீட்டில் எல்லாரும் சைக்கிளோடு நின்று படம் எடுத்து முடித்த பிறகு, பாட்டி மட்டும் இன்னொன்று எடு என்றார். சைக்கிள் வேண்டாம், யாரும் பக்கத்தில் நிற்கவேண்டாம், சுவரோரம் நாற்காலி போடு. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். பேரன்கள் சிரித்தார்கள். எதற்கு அந்தப் படம் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நம் ஊரிலும் இதே கதைதானே, காரியத்தன்று மாட்ட நல்ல படம் இல்லாமல் ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்குகிற வீடுகள் எத்தனை. அதைப் பெரிய அளவில் போட்டு அனுப்பினேன்.

ஜூன் 9, மறுபடியும்

எங்கள் வீட்டில் தங்கிய ஜப்பான்காரர் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஷிக்கோக்கு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவருகிற யாத்திரை இருக்கிறது. நடப்பவர்கள் உண்டு, சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. வழியில் ஊர்க்காரர்கள் ஆரஞ்சு, சில்லறை, சோற்று உருண்டை என்று எதையாவது கையில் திணிப்பார்கள். மறுக்கக்கூடாது. பதிலுக்கு யாத்திரிகர் தன் பெயரும் ஊரும் எழுதிய ஒரு காகிதச் சீட்டைக் கொடுப்பார். முதல் சில சுற்றுகளுக்கு வெள்ளைச் சீட்டு. 50 சுற்றுக்கு மேல் போனவருக்குத் தங்க நிறம். கொடுத்தவர்கள் அதை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம்.

கேட்டதும் எனக்குப் பிடித்துப்போய், எங்கள் வீட்டு முகவரியைத் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து, "இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் தங்குங்கள்" என்று ஒரு அட்டை போட்டுக்கொண்டேன். அதனால் வந்த வினை தனிக் கதை. அப்புறம் சொல்கிறேன்.

ஜூன் 10

"மழைக்கு நாம் என்ன கைம்மாறு செய்கிறோம்?" என்று வள்ளுவரை இழுத்திருக்கிறார் ஒரு ஐயா. அவர் அதைக் கொடுப்பவர்களைப் பார்த்துச் சொன்னார் ஐயா. வாங்கித் தின்றவர்களுக்கு வேறு அதிகாரம் வைத்திருக்கிறார், அதைப் புரட்டுங்கள்.

ஜூன் 14

போன் செய்வது பற்றி எழுதியதை இன்னொரு சகோதரி கண்டித்திருக்கிறார். சரியான கண்டனம். தனியாகப் போகிற பெண் போகிற இடமெல்லாம் எண்ணைக் கொடுத்துக்கொண்டே போகமுடியாது. பகலில் வழி காட்டியவர், ராத்திரி பதினொரு மணிக்கு "தூங்கிவிட்டீர்களா" என்று ஆரம்பிப்பார். எனக்கும் நடந்தது. அதிலிருந்து பயணத்துக்கென்று தனி சிம் வைத்திருக்கிறேன். எண்ணைப் பெண்களிடம் மட்டும் கொடுக்கிறேன். ஆண்கள் கேட்டால் என் வீட்டுக்காரரின் எண். "சார், மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார்களா?" என்று அவரிடம் விசாரித்தவர்கள் பல பேர். அதில் ஒரு போலீஸ்காரர் இன்றைக்கும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார், அவருக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்களின் அன்பு, அன்பு என்று நாம் உருகுவதில் பாதி, காசு கொடுத்தும் கிடைக்காத இடங்களால் வருகிறது. ஒரு ஊரில் லாட்ஜ் வரவேற்பறையில் ஆதார் அட்டை, பணம் எல்லாம் மேசைமேல் வைத்தும், "தனிப் பெண்ணுக்கு ரூம் கிடையாது" என்று அனுப்பிவிட்டார்கள். மணி ஏழரை. எதிரே தையல் கடை வைத்திருந்த அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடையைப் பூட்டிவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். அந்த லாட்ஜ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த அம்மாவுக்கு இந்தச் சுமை வந்திருக்காது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நீ எப்படி வீட்டில் சம்மதம் வாங்கினாய் என்று என் மகளிடம் சொல்லு" என்றார். மகள் நர்சிங் படிக்க வெளியூர் போகவேண்டும், அப்பா விடவில்லை. ராத்திரி முழுக்க அந்தப் பெண்ணோடு பேசினேன். காலையில் அப்பாவோடும் பேசிப் பார்த்தேன், அவர் பிடி கொடுக்கவில்லை.

ஜூன் 15

"மகள் நர்சிங் போனாளா?" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். போகவில்லை. பி.காம். படிக்கிறாள், உள்ளூரிலேயே.

ஜூன் 20

"வழியில் சாப்பிட்ட தொகையைக் கணக்குப் போட்டு வடலூருக்கு அனுப்பிவிடுங்கள்" என்ற யோசனை நன்றாக இருக்கிறது. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. யார் எந்த ஊர் என்று கேட்காமல் சோறு. பண்ருட்டி – கும்பகோணம் சாலையில் மிதிப்பவர்கள் அவசியம் நின்று சாப்பிடவேண்டிய இடம். அரிசி கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், கொடுக்காமலும் சாப்பிடலாம். நாந்தேடில் ஹசூர் சாகிப் குருத்வாராவும் இப்படித்தான். நான் நிர்மலில் நெடுஞ்சாலையை விட்டு, பைன்சா வழியாக அங்கே போய் வந்தேன். லங்கரில் (குருத்வாராவின் இலவசச் சாப்பாட்டுக் கூடம்) சாப்பிட்டு எழுந்தவர்கள் அப்படியே பாத்திரம் கழுவும் இடத்துக்கோ ரொட்டி தேய்க்கும் இடத்துக்கோ போய் உட்காருகிறார்கள். யாரும் போகச் சொல்வதில்லை. நானும் உட்கார்ந்தேன். என் ரொட்டிகள் மராட்டிய மாநில வரைபடம் மாதிரி வந்தன, பக்கத்து அம்மாள் சத்தமில்லாமல் வாங்கித் திருத்தினார். அங்கே மனதில் எந்த உறுத்தலும் இல்லை. சாப்பிட்ட இடத்திலேயே வேலை செய்ய வழி வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கமும் ஒரு காலத்தில் இருந்ததுதானே. ராமேஸ்வரம் போகிற சாலையில் தஞ்சை மராத்திய அரசர்கள் வரிசையாகச் சத்திரம் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. 1801-இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு (அரசவையில் இருந்த கம்பெனியின் பிரதிநிதி) எழுதிய கடிதத்தில், வருகிற எல்லாச் சாதியாருக்கும் இந்தச் சத்திரங்களில் சோறு, நோயில் விழுந்தால் வைத்தியம், வழியில் பிள்ளை பெறுகிற ஏழைப் பெண்களுக்குப் பராமரிப்பு என்று அடுக்குகிறார். மானிய நிலம், சமையல்காரர், சம்பளம் எல்லாம் இருந்தன. வழிப்போக்கனுக்குச் சோறு என்பது ஒரு வீட்டுப் பெண்ணின் தலையில் மட்டும் விழாமல் இருக்க அது ஒரு ஏற்பாடு. இன்றைக்கு அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. பங்க் பையன்கள் டெண்ட் போட இடம் கொடுக்கிறார்கள், கழிவறை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. முடிந்தவரை நான் அங்கேதான் தங்குகிறேன். யார் வீட்டு அடுப்பும் இரண்டாவது முறை எரியவேண்டாம்.

நர்மதைக் கரையில் இதெல்லாம் தலைகீழ். நரசிங்கபூர் பக்கம் பர்மான் காட் என்ற படித்துறை அருகே சாலை நர்மதையைக் கடக்கிறது. நதியைக் கால்நடையாகச் சுற்றி வருகிற பரிக்கிரமாவாசிகளுக்கு மாவு, பருப்பு, உப்பு என்று சமைக்காத பொருளாகக் கொடுப்பது அங்கே வழக்கம். சதாவ்ரத் என்கிறார்கள். நதி எப்போதும் வலப்பக்கம் இருக்கவேண்டும், குறுக்கே கடக்கக்கூடாது என்பது பரிக்கிரமா விதி. நானோ பாலத்தின்மேல் சைக்கிளில் வந்து இறங்குகிறேன். இருந்தும் ஒரு பெரியவர் "நர்மதே ஹர்!" என்று கும்பிட்டுவிட்டு டீயும் மாவுப் பொட்டலமும் கொண்டுவந்தார். நான் பரிக்கிரமா செய்யவில்லை என்று விளக்கினேன். "வாங்கிக்கொள், புண்ணியம் எனக்கு" என்றார். அவர் கணக்கில் கடன்பட்டவர் அவர்தான். டீயைக் குடித்தேன். மாவை மட்டும், மெய்யாகவே நடந்து வந்துகொண்டிருந்த ஒரு சாதுவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். விடுமுறைக்கு ஊர் சுற்ற வந்து, நாற்பதாயிரம் ரூபாய் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு அந்த மாவை வாங்கக் கை வரவில்லை.

ஜூன் 23

மேலே உள்ளதை எழுதிய பிறகு தூக்கம் கெட்டது. நமக்கு ஏன் கொடுக்கிறார்கள்? ஹெல்மெட், பளபளப்பான பைகள், "காஷ்மீர் டு கன்னியாகுமரி" என்று எழுதிய அட்டை. நாம் சாதனையாளர்கள், ஆபத்தில்லாதவர்கள், படித்தவர்கள் என்று அதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், ஜோதி குமாரி என்ற 15 வயதுப் பெண், காயம்பட்ட அப்பாவைப் பின்னால் வைத்து, குருகிராமிலிருந்து தர்பங்கா வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் பழைய சைக்கிளில் மிதித்தாள். அந்த மாதங்களில் எங்கள் ஊர்ச் சாலையிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வடக்கே நடந்து போனார்கள், சைக்கிளில் போனார்கள். சிலர் சோற்றுப் பொட்டலம் கொடுத்தோம். சில தெருக்களில் குழாயைப் பூட்டினார்கள், நோய் பயம். அவர்கள் யாரையும் நாம் "பயணி" என்று கூப்பிடவில்லை. அவர்களுக்கு வழியில் கொடுத்தவர்களுக்கு யார் நன்றிக் கட்டுரை எழுதினார்கள்?

கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இருக்கிறது. அடுத்தவருக்குச் செய்வேன் என்கிறவர்கள், அந்த அடுத்தவர் நம்மைப் போலவே ஹெல்மெட் போட்டவராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வார்ம்ஷவர்ஸ் மாதிரி ஏற்பாடுகள் நல்லவை. 1993-இலிருந்து நடக்கிறது. சைக்கிள்காரர் வீட்டில் சைக்கிள்காரர் தங்கலாம், நாளைக்கு அவர் நம் வீட்டில் தங்குவார். ஆனால் அது நமக்குள் நடக்கிற மொய்.

ஜூலை 1

அட்டையால் வந்த வினை.

மறு வருஷம் டிசம்பரில் ஒரு காலை, வீட்டுக்காரர் எண்ணுக்கு ஓசூரிலிருந்து போன். ஹிங்கண்காட் வீட்டுக்காரர்! ராமேஸ்வரம் யாத்திரை கிளம்பிவிட்டார்களாம். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்களாம். எத்தனை பேர் என்று கேட்டதற்கு "நாங்கள் மட்டும்தான்" என்றார். வாசலில் நின்ற வண்டியிலிருந்து பதினொரு பேர் இறங்கினார்கள். அவர்கள், அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓட்டுநர்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அன்று ஏகாதசி விரதம். மாமியாரின் பசி ஒரு பக்கம், கேஸ் சிலிண்டர் தீரும் நிலையில் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு, கூடம் நிறையப் பாயை விரித்தார், மூன்று ஹோட்டல்களில் இட்லி வாங்கிவந்தார். மதியத்துக்குச் சாம்பார் சாதம் அவரே வைத்தார், எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. அவர்களுக்குக் காரம் போதவில்லை, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டார்கள். ஹிங்கண்காட் அம்மா நேராக எங்கள் அடுப்பங்கரைக்கு வந்து முறத்தைக் கையில் எடுத்தார். அத்தை அதைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்லும் புரியாது. இரண்டு பேரும் முழங்காலைத் தடவிக் காட்டிக்கொண்டு மதியம் வரை பேசினார்கள். நான் வெளியே போகச் சொல்லப்பட்டேன்.

ராத்திரி அவருக்குக் கட்டில், எங்கள் வீட்டிலேயே கனமான கம்பளி. மறுநாள் கிளம்பும்போது ஒரு மூட்டை துவரம்பருப்பை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். கணக்கு மறுபடியும் போச்சு.

ஜூலை 2

"அப்படியானால் உங்கள் கடனை உங்கள் வீட்டுக்காரரும் அத்தையும்தானே அடைத்தார்கள்?" என்று கேட்ட தம்பி கெட்டிக்காரர். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பியை ஒருநாள் சாப்பிட வரச்சொல்" என்றார்.

ஜூலை 4

கடைசியாக ஒரு லாரிக் கதை, கேட்டுக்கொண்டே இருந்ததால். சிவ்னிக்குத் தெற்கே, பெஞ்ச் காட்டுக்குள் சாலையைத் தூக்கிக் கட்டி, கீழே விலங்குகள் கடக்க வழி விட்டிருக்கிறார்களே, அதைத் தாண்டி ஒரு தாபா. முன்னால் டி.என். 28, நாமக்கல் வண்டி. ஓட்டுநரும் கிளீனரும் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துப் புழுங்கலரிசி பொங்கிக்கொண்டிருந்தார்கள். ரசம் வாசனையில் என் சைக்கிள் தானாக நின்றது. "உக்காரும்மா" என்று தட்டை நீட்டினார்கள். எனக்கு அப்போது தமிழ் கேட்டே பல நாளாகியிருந்தது, அவர்களுக்கும்தான். ஓட்டுநர் அண்ணன் சாப்பிட்டு முடித்ததும் கேட்டது, "கொஞ்ச நேரம் பேசிட்டுப் போம்மா." மகன் படிப்பு, டயர் விலை, செக்போஸ்ட் மாமூல், தங்கச்சி கல்யாணம் எல்லாம் பேசினோம். கிளம்பியபோது வெயில் ஏறிவிட்டது, அன்றைக்குப் போடவேண்டிய தூரம் போச்சு. அவர் கேட்டது அது ஒன்றுதான், கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 12

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து தெற்கே வருகிற தம்பிக்கு: தங்கலாம். ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், அத்தை ஏழரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார். வருவது உறுதியா இல்லையா என்று காலையிலேயே சொல்லுங்கள். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு கசிகிறது, கைவேலை தெரிந்தால் பாருங்கள், தெரியாவிட்டால் தொடவேண்டாம்.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பினால் தருமபுரியில் டிபன் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் தொப்பூர் கணவாயை இறங்கிவிடலாம். இறக்கம் சுகமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிரேக் பிடிக்காத லாரிகள் பின்னாலேயே வருகிற இடம் அது. இடது ஓரத்திலேயே போங்கள், படம் எடுக்க நிற்காதீர்கள். சேலத்தில் இறங்கியதும் அத்தைக்கு ஒரு போன். மாம்பழம் முடியும் சமயம், கிளிமூக்கு மட்டும் கொஞ்சம் இருக்கும். எத்தனை கிலோ தூக்கமுடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்து வாதாடிப் பயனில்லை.